சிங்கப்பூரைப் புரிந்துகொள்ளும் ஆறு வாரத் திட்டம்

சிங்கப்பூரைப் புரிந்துகொள்வது என்று மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், ஸ்கூடாயில் ஒரு கழகம் தீர்மானம் போட்ட செய்தி தெரிய வந்தபோது, குணாளன் சிங்கப்பூரிலிருந்து திரும்பி வந்து வாசலில் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டிருந்தான். அன்று சனிக்கிழமை, அரை நாள் வேலை. வீட்டு வாசலில் பளபளவென்று ஒரு ஜோடி கறுப்பு ஷூ கிடந்தது. ஷூ போட்ட ஆட்கள் வீடு தேடி வந்து நல்ல சேதி சொன்னதாக அவன் குடியிருக்கும் செனாயில் யாரும் சொல்லி அவன் கேட்டதில்லை.

உள்ளே அயல்நாட்டுப் புரிதல் கழகத்தின் செயலாளர் ரூபேந்திரன் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கோப்பும் கையுமாக ஆய்வு அதிகாரி தர்ஷனா. குணாளனின் மனைவி கஸ்தூரி, வந்தவர்களுக்கு மைலோ கலக்கிக்கொண்டிருந்தாள்.

கழகத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். ஸ்கூடாயில் ஒரு துணி வெளுக்கும் கடைக்கு மேல்மாடியில் அது இயங்குகிறது. இரும்புச் சாமான் வியாபாரத்தில் நன்றாகச் சம்பாதித்து டத்தோ பட்டமும் வாங்கிய தேனப்பன், வியாபாரத்தைப் பிள்ளைகளிடம் விட்ட பிறகு, உலகத்தை ஒரு கை பார்த்துவிடலாம் என்று ஆரம்பித்தது. நாடுகளை ஒவ்வொன்றாகப் புரிந்துகொண்டு முடித்துவிடுவது நோக்கம். ஆண்டுக்கு நான்கு நாடு. நாற்பத்தெட்டு ஆண்டுகளில் மொத்த உலகமும் முடிந்துவிடும் என்று டத்தோ கணக்கு வைத்திருந்தார். அவருக்கு எழுபத்தொரு வயது.

கழகத்தின் சுவரில் பெரிய உலக வரைபடம் உண்டு. புரிந்து முடித்த நாட்டில் ஒரு பச்சை பல்பு எரியும். போன வருஷம் மங்கோலியாவின் பல்பு கெட்டுப்போனபோது, பல்பை மாற்றினால் போதுமா, நாட்டை மறுபடி புரிந்துகொள்ள வேண்டுமா என்று செயலவையில் இரண்டு கூட்டம் வாதம் நடந்தது. கடைசியில் பல்பு வாங்கத் தனிக்குழு போட்டார்கள்.

"வரலாறு, சமூகம், பொருளாதாரம், அரசியல். எந்த நாடா இருந்தாலும் நாலே தூண்தான் அண்ணே," என்றார் ரூபேந்திரன். "ஒரு நாட்டுக்கு ஒம்போது வாரம் குடுப்போம். சிங்கப்பூர் சின்ன நாடுதானே, ஆறு வாரம் போதும்னு டத்தோ சொல்லிட்டாங்க. அதுல நாலு வாரம் ஓடியும் போச்சு."

"நான் இருபத்திரெண்டு வருஷமா போயிட்டு வரேன் சார்."

"அதனாலதான் உங்கள தேடி வந்தோம். ஒரு கண்காட்சி வைக்கிறோம். முடிஞ்சு போன பழைய பாஸ்போர்ட்லாம் வச்சிருக்கீங்களா? மூல ஆவணம்னு வைப்போம், பேரு போட்டு."

குணாளனுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. காலையில் நாலேகாலுக்கு மோட்டார் சைக்கிளை எடுத்து, செகண்ட் லிங்க் என்கிற இரண்டாவது எல்லைப் பாலத்தைத் தாண்டி, சிங்கப்பூர் ஜூரோங்கில் குளிர்கிடங்கு ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டி, சாயங்காலம் அதே பாலத்தில் திரும்பி வருவதை யாரும் இதுவரை வரலாறு என்று சொன்னதில்லை. பழைய பாஸ்போர்ட்டுகள் பிஸ்கட் டின்னில் இருப்பதாகச் சொல்லிவிட்டு அவன் குளிக்கப் போனான்.

இங்கேதான் விபரீதம் நடந்தது. தட்டு வைக்க இடமில்லை என்று கஸ்தூரி மேசையை ஒதுக்கினாள். மேசைமேல் கிடந்த பாஸ்போர்ட்டை எடுத்து, பாஸ்போர்ட் இருக்கும் டின்னிலேயே போட்டாள். இதில் அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஜொகூரில் பாலம் தாண்டி வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் பாஸ்போர்ட், கறிவேப்பிலை மாதிரி எங்கே பார்த்தாலும் கிடக்கும். தர்ஷனா டின்னைத் திறந்து ஏழு என்று எண்ணி எழுதினாள். ஈரத் தலையோடு வந்த குணாளன், காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டான்.

பழையது ஆறுதான்.

திங்கட்கிழமை காலை நாலு மணிக்கு வீட்டைத் தலைகீழாகக் கவிழ்த்த பிறகுதான் இருவருக்கும் விஷயம் புரிந்தது. கஸ்தூரி தலையில் கையை வைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்துவிட்டாள். "அலமாக், நான்தாங்க எடுத்துப் போட்டேன்," என்றாள்.

"பரவால்ல, கழக ஆபீஸ் பத்து மணிக்குத் தொறப்பாங்க. போய் வாங்கிட்டு வந்திருவேன்."

கிடங்கின் மேலாளர் மிஸ்டர் கோவுக்கு போன் போட்டான். கோ நல்ல மனிதர். ஒரு நாள்தானே, நாளைக்கு வா என்றார். இருபத்திரண்டு வருஷத்தில் அவன் இப்படி நின்றது நாலோ ஐந்தோ தடவைதான்.

பத்து மணிக்குக் கழகத்தின் மாடிப்படி ஏறியவனுக்கு முதலில் கண்ணில் பட்டது அவனுடைய பாஸ்போர்ட்தான். ஆறு பழைய பாஸ்போர்ட்டுகளையும் ஒரு சாதாரண மேசைமேல் பரப்பியிருந்தார்கள். முடிந்துபோன பாஸ்போர்ட் என்பதால் பாஸ்போர்ட் ஆபீஸில் அவற்றின் மூலைகளை வெட்டியிருந்தார்கள். மூலை வெட்டுப்படாமல் புத்தம் புதிதாக இருந்த ஏழாவதற்கு மட்டும் நீல வெல்வெட் துணி விரித்து, விளக்குப் போட்டு, பூட்டு வைத்த கண்ணாடிப் பெட்டி. கீழே ஒரு அட்டை: 'எல்லைத் தொழிலாளியின் கடவுச்சீட்டு. மிக நல்ல நிலையில் கிடைத்தது. பயன்பாட்டுக் காலம் ஆய்வில் உள்ளது.'

"அது இப்ப யூஸ் பண்றதும்மா," என்றான் குணாளன். "தப்பா வந்துருச்சு. எடுத்துக் குடுங்க."

தர்ஷனா பதறவில்லை. கோப்பைப் புரட்டினாள். "பதிவு பண்ணிட்டோம் அங்கிள். காட்சிப்பொருள் எண் ஏழு. பதிவு பண்ணத வெளிய எடுக்கணும்னா செயலவை தீர்மானம் போடணும்."

"சாவி?"

"செயலாளர்கிட்ட இருக்கு."

"அவரு எங்க?"

"செயலவை மொத்தமும் நேத்து சுவிட்சர்லாந்து போயிருக்காங்க அங்கிள். சிங்கப்பூரைப் புரிஞ்சிக்கிறதுக்கு. பத்து நாள் ஆய்வுப் பயணம்."

குணாளன் அவள் முகத்தையே பார்த்தான். அவள் முகத்தில் விளையாட்டு எதுவும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே, அரை மணி நேர ஓட்டத்தில் பாலம் இருந்தது. அவன் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு கிளாஸ் தண்ணீர் கேட்டான்.

அன்று மத்தியானமே போலீஸ் நிலையத்துக்குப் போனான். முகப்பில் இருந்த மலாய்க்கார அதிகாரி பொறுமையாகக் கேட்டார். தொலைந்துவிட்டதா? இல்லை. திருடு போனதா? அதுவும் இல்லை. எங்கே இருக்கிறது என்று தெரியுமா? தெரியும், வெல்வெட் துணிமேல் இருக்கிறது. யார் கொடுத்தது? நான்தான், கையெழுத்துப் போட்டு. அதிகாரி எழுத எடுத்த பேனாவை மூடி வைத்தார். எங்கே இருக்கிறது என்று தெரிந்த பொருளைத் தொலைந்துபோனதாக எழுதினால் பொய்ப் புகார் ஆகிவிடும், வேண்டாம் ஐயா, என்று நல்லதனமாகத்தான் சொன்னார். புது பாஸ்போர்ட் கேட்டுப் போன இடத்தில், கையில் இருப்பதைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் புதிது வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். யாரும் தவறாக எதுவும் சொல்லவில்லை. அதுதான் அவனுக்கு அழுகையாக வந்தது. ஒருவராவது கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருக்கலாம்.

"கண்ணாடிதானே. ஒடச்சி எடுத்திட்டு வந்திருங்க," என்றாள் கஸ்தூரி.

அவனும் அதை நினைக்காமல் இல்லை. ஆனால் தினமும் இரண்டு நாட்டு கஸ்டம்ஸில் வரிசையில் நின்று, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிப் பழகிய ஆள். அவன்மேல் ஒரு போலீஸ் கேஸ் விழுந்தால் சிங்கப்பூர் வேலை பெர்மிட் அவ்வளவுதான். சுத்தியலை எடுத்து, ஆடிக்கொண்டிருந்த அலமாரிக் கதவுக்கு இரண்டு ஆணி அடித்துவிட்டுத் திரும்ப வைத்தான்.

செவ்வாய்க்கிழமை மிஸ்டர் கோ, சரி, புதன் வரைக்கும் பார்த்துக்கொள்கிறேன் என்றார். புதன்கிழமை, வெள்ளி வரைக்கும்தான், அதற்கு மேல் என் கையில் இல்லை என்றார். அவருக்கும் மேலே ஆட்கள் இருந்தார்கள். கிடங்கில் மீன் பெட்டி வந்து இறங்கிக்கொண்டே இருந்தது.

குணாளன் தினமும் பத்து மணிக்குக் கழகத்துக்குப் போய்க் கண்ணாடிப் பெட்டி பக்கத்திலேயே உட்கார்ந்தான். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. சும்மா உட்கார்ந்திருக்கிறாரே என்று தர்ஷனா அவனைத் தகவலாளராகச் சேர்த்துக்கொண்டாள்.

"வரலாற்றுத் தூண்ல ஆரம்பிக்கலாம் அங்கிள். அந்த நாட்டோட வரலாற்றுல முக்கியமான மாற்றம்னா எதைச் சொல்வீங்க?"

குணாளன் யோசித்தான். "முன்னெல்லாம் மோட்டார் லைன்ல ஆளு உக்காந்து பாஸ்போர்ட் வாங்கிப் பாப்பாங்க. இப்ப மிஷின்ல கட்டைவிரல வச்சா போதும். வேகமா போலாம். ஆனா மழ பேஞ்சா விரல் ஊறிப்போயி மிஷின் எடுக்காது."

"இத எந்தப் புத்தகத்துல பாத்தீங்க?"

"பாத்ததுதான்மா. துவாஸ் செக்பாயிண்ட்ல."

"பக்கம் எத்தன?"

 அவள் 'பக்க எண் இல்லை' என்று எழுதிக்கொண்டாள்.

சமூகத் தூண் வந்தது. அங்கே மக்கள் எப்படி? நல்லவர்கள்தான், லிஃப்டில் பேச மாட்டார்கள், ஆனால் கோவிட் நேரத்தில் அவன் பாலம் தாண்ட முடியாமல் எட்டு மாதம் அங்கேயே மாட்டிக்கொண்டபோது, ஒரு சீனக் கிழவர் தன் வீட்டு அறையில் படுக்க வைத்து, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கஞ்சி கொடுத்தார். பொருளாதாரம்? ஆடிட் வருகிறது என்றால் இரண்டு வாரத்துக்கு முன்பே கிடங்கில் எல்லார் முகமும் மாறிவிடும். அரசியல்? ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும்போது பேசக் கூடாது என்று போர்டு போட்டிருக்கிறார்கள்.

தர்ஷனா எல்லாவற்றையும் அக்கறையாக எழுதி, மேலே 'மேற்கோள் காட்டத் தகுதியற்ற அறிவு' என்று ஒரு ரப்பர் முத்திரைச் சாப்பு அடித்தாள். அந்த சாப்பு ரெடிமேடாகவே இருந்தது.

"நீங்க சிங்கப்பூர் போயிருக்கீங்களாம்மா?" என்று கேட்டான் குணாளன்.

"இல்ல அங்கிள். பாஸ்போர்ட் எடுக்கணும், எங்க நேரம். இங்க ஒரே வேல."

வியாழக்கிழமை டத்தோவே திரையில் வந்தார். பின்னால் பனிமலை. இந்தப் பக்கம் தர்ஷனாவின் கணினிமுன் குணாளன் கைகட்டி நின்றான்.

"தம்பி குணாளன், உங்க பாஸ்போர்ட்ட பத்தித்தான் இங்க தினம் பேச்சு," என்று ஆரம்பித்தார் டத்தோ. "எல்லாரும் கேக்கிறாங்க, சிங்கப்பூர் பக்கத்துல இருக்கு, எதுக்கு சுவிட்சர்லாந்துன்னு. பக்கத்துல இருந்து பாத்தா பாசம் வந்துரும் தம்பி. பாசம் வந்தா ஆய்வு கெட்டுப்போகும். பத்தாயிரம் கிலோமீட்டர் தள்ளி நின்னு பாத்தாதான் நடுநிலை வரும். தவிர, சிங்கப்பூர் ஆசியாவோட சுவிட்சர்லாந்துன்னு பெரியவங்க சொல்லியிருக்காங்க. அசல முதல்ல பாத்துட்டா நகல பாக்க வேண்டிய அவசியமே வராது. எவ்வளவு மிச்சம் பாருங்க."

"டத்தோ, எனக்கு நாளைக்கு வேலைக்குப் போயே ஆகணும்."

"எங்க?"

"சிங்கப்பூருக்கு டத்தோ."

டத்தோ சிரித்தார். கூட இருந்தவர்களும் சிரிப்பது கேட்டது. "அதுக்குத்தானே தம்பி நாங்க இவ்வளவு பாடுபடுறோம். உங்கள மாதிரி ஆளுங்க அந்த நாட்டுக்குப் போனா எப்படி நடந்துக்கணும்னு முந்நூறு பக்கத்துல அறிக்கை குடுக்கப் போறோம். அவசரப்படாதீங்க லா. புரிஞ்சிக்காம ஒரு நாட்டுக்குப் போறது ஆபத்து."

"செயலவை ஆளுங்க பதினொரு பேரும் அங்கதானே டத்தோ இருக்கீங்க. ஒரு தீர்மானம் போட்டுட்டீங்கன்னா..."

டத்தோ ரூபேந்திரனைப் பார்த்தார். ரூபேந்திரன் தொண்டையைக் கனைத்தார். "விதி பதினாலு அண்ணே. செயலவைக் கூட்டம் ஜொகூர் மாநிலத்துக்குள்ளதான் கூடணும். வெளிநாட்டுல கூடினா அது கூட்டம் இல்ல, சாப்பாடு."

"அப்ப சாவியவாச்சும் யாருகிட்டயாவது..."

"சாவி என் ஜாக்கெட்டுல பத்திரமா இருக்கு அண்ணே. நீங்க அதப் பத்திக் கவலையே பட வேணாம்," என்றார் ரூபேந்திரன், ஆறுதலாக.

வெள்ளிக்கிழமை மாலை மிஸ்டர் கோ போன் செய்தார். குரலில் கோபம் இல்லை. வேறு ஆள் வந்துவிட்டான், பெர்மிட்டை ரத்து செய்ய எழுதிக் கொடுத்துவிட்டார்கள், உன் லாக்கரில் இருந்த ஸ்வெட்டரையும் டீ கிளாஸையும் ஒரு பையில் போட்டு வைத்திருக்கிறேன், இந்தப் பக்கம் வரும்போது எடுத்துக்கொள் என்றார். குணாளன் நன்றி சொன்னான். நன்றி சொல்வதைத் தவிர அவனுக்கு வேறு எதுவும் தெரியவில்லை. போனை வைத்துவிட்டு சோபாவில் உட்கார்ந்தான். நாற்பத்தொன்பது வயதில் இனி யார் கூப்பிடுவார்கள்? கஸ்தூரி பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த பிஸ்கட் டின்னை அவள் எப்போதோ குப்பையில் போட்டிருந்தாள்.

அடுத்த வாரம் சனிக்கிழமை கண்காட்சித் திறப்பு விழா. செயலவை சாக்லேட்டும் சளியுமாகத் திரும்பியிருந்தது. வந்திருந்த பிரமுகர்களின் பட்டங்களைச் சொல்லி விளித்து முடிக்கவே இருபது நிமிஷம் ஆயிற்று. வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, ஆய்வுரை. தூணுக்கு ஒருவராக நால்வர் பேசினார்கள். வரலாற்றுத் தூண் பேசியவர் ஜெனீவா ஏரியின் தூய்மையைச் சொல்லி, அதிலிருந்து சிங்கப்பூரின் தூய்மையை ஊகித்தார். அரசியல் தூண் பேசியவர், நேரம் போதவில்லை என்பதையே பத்து நிமிஷம் சொன்னார்.

பிறகு குணாளனை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். ரூபேந்திரன் பெட்டியைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்து டத்தோவிடம் கொடுக்க, டத்தோ அதைக் குணாளனிடம் கொடுத்தார். பதினான்கு நாளைக்குப் பிறகு அது கையில் பட்டபோது குணாளனுக்குக் கண் கலங்கிவிட்டது. படம் எடுத்தவர், யாரோ கண்ணை மூடிவிட்டார்கள், இன்னொரு தடவை என்றார். அவன் திருப்பிக் கொடுத்து மறுபடி வாங்கினான். பிரமுகர்கள் வரிசை மாறி நின்றார்கள், மறுபடி கொடுத்து வாங்கினான். மூன்றாவது படம் முடிந்ததும் ரூபேந்திரன் நைசாக அவன் கையிலிருந்து எடுத்துப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார்.

"இது படத்துக்கு அண்ணே. ஒரிஜினல் ரிலீஸுக்குத் தர்ஷனாகிட்ட ஒரு பாரம் இருக்கு. அத நெரப்பிடுங்க, முடிஞ்சிரும்."

எல்லாரும் சாப்பிடப் போய்விட்டார்கள். பிரியாணி வாசம் மாடி முழுக்க வந்தது. தர்ஷனா பாரத்தை விரித்து வைத்தாள். அறிக்கைக்குக் கடைசி இணைப்பு அது. தலைப்பு, 'ஜொகூர் தொழிலாளர்கள் சிங்கப்பூர் செல்வதை நிறுத்தக் காரணங்கள்.' காரணத்துக்கு நான்கு கட்டம்: வரலாறு, சமூகம், பொருளாதாரம், அரசியல். ஒன்றில் சரி போட வேண்டும்.

குணாளன் இரண்டு தடவை படித்தான். "பாஸ்போர்ட்டு உங்ககிட்ட இருந்துச்சேம்மா. அதனாலதானே போகல."

"அது இதுல இல்ல அங்கிள்."

"கீழ எழுதட்டுமா?"

"கட்டத்துக்கு வெளிய எழுதினா சிஸ்டம் எடுக்காது. ரிலீஸ் பண்ண முடியாது." அவள் குரலைத் தாழ்த்தி, உதவுகிற மாதிரி சொன்னாள்: "எல்லாரும் பொருளாதாரம்னுதான் போட்டிருக்காங்க."

"எல்லாரும்னா எத்தன பேரு?"

"நீங்க ஒருத்தர்தான் அங்கிள். நீங்க போட்டதும் நூறு விழுக்காடு ஆயிரும்."

அவன் பொருளாதாரத்தில் சரி போட்டான். அதற்குக் கீழே 'தற்போதைய தொழில்' என்று ஒரு கட்டம் இருந்தது. இருபத்திரண்டு வருஷமாக எந்தப் பாரத்தைக் கொடுத்தாலும் யோசிக்காமல் எழுதி வந்த இடம் அது. கை பழக்கத்தில் 'ஃபோர்க்' வரைக்கும் எழுதி நின்றது. அவன் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி தர்ஷனாவைப் பார்த்தான்.

"காலியா விடலாமா?"

"விடக்கூடாது அங்கிள். அத அடிச்சிட்டு ஒரு கோடு போடுங்க, போதும்."

அவன் அடித்துவிட்டு, பக்கத்தில் ஒரு கோடு போட்டான். அவள் சாப்பு அடித்து, தேதி எழுதி, ரூபேந்திரனிடம் போய்ச் சாவி வாங்கி வந்து பெட்டியைத் திறந்தாள். உலக வரைபடத்தில் மலேசியாவுக்குக் கீழே யாரோ ஒரு பச்சை பல்பை எரிய விட்டிருந்தார்கள். அந்தப் பக்கமிருந்து கைதட்டல் கேட்டது. தர்ஷனா பாஸ்போர்ட்டைத் துடைத்து, ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்து, ஒரு குறையும் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் நீட்டினாள்.

"இன்னும் மூணு வருஷம் இருக்கு அங்கிள்," என்றாள். "இனி நீங்க எங்க வேணும்னாலும் போலாம்."